கிளி எடுத்த சீட்டும் சனிக்குச் சாத்திய சங்குப்பூவும்

2010 ஜூலையில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கிளி ஒன்று உலகச் செய்தியானது. அதன் பெயர் மணி. அதை வைத்திருந்தவர் எண்பது வயதுக் கிளி ஜோசியர் முனியப்பன். தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்துகொண்டிருந்தது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் யார் ஜெயிப்பார்கள் என்று மணி சரியாகச் சீட்டெடுத்துக் கொடுத்தது. ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதிய அரையிறுதியும் அது சொன்னபடியே முடிந்தது. அதே நாள்களில் ஜெர்மனியில் பால் என்ற ஆக்டோபஸும் குறி சொல்லிப் பேரெடுத்திருந்தது. இறுதி ஆட்டத்துக்குக் கிளி நெதர்லாந்தை எடுத்தது, ஆக்டோபஸ் ஸ்பெயினை எடுத்தது. ஜூலை 11 அன்று ஸ்பெயின் 1-0 என்று வென்றது. மணியின் வாக்குப் பொய்த்ததையும் சிரித்தபடியே பேசிக் கடந்தார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறை கிளியின் முன்னால் உட்கார்ந்தபோது சிரிக்கவில்லை. கடைவீடுகளின் முகப்பில் ஓடும் ஐந்தடி அகல நடைபாதையை நம்மவர்கள் அஞ்சடி என்பார்கள். அங்கே ஒரு சிறு மேசை, ஒரு கூண்டு, வரிசையாக அடுக்கிய சீட்டுகள். பெயரைச் சொன்னால் ஜோசியர் கூண்டைத் திறப்பார். கிளி நடந்து வந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் தள்ளி, ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போகும். சீட்டில் முருகன் வந்தால் ஒரு முகம், சனீஸ்வரன் வந்தால் வேறு முகம். எதிரே உட்கார்ந்திருப்பவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராக இருக்கலாம், சாலை போட்டவராக இருக்கலாம். மனைவி மக்கள் ஊரில். கடிதம் போய்ப் பதில் வர வாரக்கணக்காகும். அவர் கேட்ட கேள்விகள் மூன்று நான்குதான்: ஊருக்கு எப்போது போவேன், தங்கச்சிக்கு எப்போது கல்யாணம், கடன் எப்போது தீரும், வீட்டில் எல்லோரும் சுகமா. கிளிக்கு இதெல்லாம் தெரியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் அவரிடம் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிய ஆள் ஜோசியர் ஒருவராகவே இருந்திருப்பார். கிளி ஜோசியத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாததற்கு அதுதான் காரணம்.

இன்று அஞ்சடியில் கிளிக்கூண்டைக் காண்பது அரிது. அதை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனால், பஃப்ளோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் பூக்கடைகள் விடிந்ததும் திறந்துவிடுகின்றன. ஜாதகக் கட்டும் பூச்சரமும் ஒரே கப்பலில் வந்து ஒரே தெருவில் இறங்கியவைதான். இங்கே வந்தபின் இரண்டும் ஒரே வழியில் போகவில்லை. ராசி தன் பயத்தைப் பெரும்பாலும் இழந்து கேலிப் பேச்சாகிவிட்டது. பூ கேலியாகவில்லை. ஆனால் எந்தப் பூ யாருக்கு என்ற பழைய கணக்கை அது ஏராளமாக மாற்றிக்கொண்டது.

முதலில் ராசியைப் பார்ப்போம். ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு அந்த நேரம் குறிக்கப்பட்டது சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேகே ஆஸ்பத்திரியில். கேகே என்பது கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைப்பட்டி. மாடுகள் அடைந்து கிடந்த வட்டாரத்தில் எழுந்த அந்த மகப்பேறு மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரே மகப்பேற்று மனையில் அத்தனை பிள்ளைகள் பிறந்ததில்லை என்று கின்னஸ் புத்தகம் எழுதிக்கொண்டது. தாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய அந்த நேரத்தை நம்பித்தான் லக்னம் போட வேண்டும். சிக்கல் அங்கேதான்.

சிங்கப்பூரின் கடிகாரம் பலமுறை மாறியிருக்கிறது. 1905இல் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் 7 மணி 30 நிமிடம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால். 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. 1982 ஜனவரி 1 முதல் இன்றைய 8 மணி. இது தெரியாமல் தமிழ்நாட்டில் யாரோ ஒருவர் 1975இல் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்கு எட்டு மணிக் கணக்கில் ஜாதகம் எழுதினால் அரை மணி நேரம் பிசகும். அரை மணியில் லக்னம் ஏழரைப் பாகை நகர்ந்துவிடும். ஒரு ராசிக்கு முப்பது பாகை என்பதால், நாலில் ஒருவருக்கு லக்னமே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். ஜப்பானியர் காலத்தில் பிறந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். பொருத்தமில்லை என்று தட்டிப்போன பழைய சம்பந்தங்களில் எத்தனை வெறும் கடிகாரப் பிழையால் தட்டிப்போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

ராகு காலத்தின் கதையும் அப்படியே. காலை ஆறுக்கு உதயம், மாலை ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்துப் பகலை எட்டாகப் பங்கிட்டதால் திங்கட்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது என்று ஊர்க் காலண்டரில் இருக்கும். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழுந்து ஏழு மணியை ஒட்டி விழுகிறது. முறைப்படி பார்த்தால் இங்கே திங்கள் ராகு காலம் எட்டரையிலிருந்து பத்து. இருந்தும் ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஒன்பது மணிக்குக் கிளம்பி, நேராக ராகு காலத்துக்குள் நுழைந்தவர்களை எல்லாக் குடும்பங்களிலும் காணலாம். ஒன்றும் ஆகவில்லை. பயம் கரைந்ததற்குப் பகுத்தறிவுப் பிரசாரம் ஒரு காரணம் என்றால், எட்டு மணிக்கே வேலையில் இருக்க வேண்டும் என்ற இந்த ஊரின் கட்டாயம் இன்னொரு காரணம்.

பிறந்த நேரமே தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பூ இருந்தது. பூ கட்டிப் பார்ப்பது என்று இதற்குப் பெயர். ஒரு செவ்வரளி, ஒரு நந்தியாவட்டை. இரண்டையும் தனித்தனியாக வெற்றிலையிலோ தாளிலோ வைத்து, எது எதுவென்று தெரியாதபடி ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றிவிடுவார்கள். இந்த வரன் அமைந்தால் வெள்ளை வரட்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டு, அம்மன் காலடியில் இரண்டையும் போட்டு, கோயிலுக்கு வந்திருக்கும் ஏதோ ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, “கண்ணு, ஒண்ண எடுத்து அத்தைகிட்ட குடும்மா” என்பார்கள். பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். நூலைப் பிரிக்கும் அந்தக் கைகள் நடுங்கும். ஜாதகக் கட்டில் பன்னிரண்டு கட்டம், ஒன்பது கோள், ஆயிரம் விதி. இதில் இரண்டே நிறம். படிப்பில்லாத ஏழைக்கு வாய்த்த ஜோசியம் இது. சாதியும் பூர்வீகமும் எழுதிய ஏட்டை இது கேட்பதில்லை.

ராசியையும் பூவையும் பிரித்துவைத்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அந்த அலையில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. கோ. சாரங்கபாணி 1935 ஜூலையில் தமிழ் முரசைத் தொடங்கினார். ஜாதகம் பார்க்காதே, நாள் நட்சத்திரம் பார்க்காதே, புரோகிதர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். சீர்திருத்தத் திருமணங்கள் நடந்தன. ஓமம் போனது, மந்திரம் போனது, முகூர்த்த நேரம் போனது. மேடையில் மிஞ்சியது இரண்டு மாலை. மணமகன் ஒன்றைப் போட, மணமகள் ஒன்றைப் போட, பெரியவர்கள் இரண்டு வார்த்தை பேச, திருமணம் முடிந்தது. சடங்குகளையெல்லாம் உதறியவர்கள் மாலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இருவர் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டதைச் சபைக்குக் காட்ட அவர்களுக்கும் பூவைவிட நல்லது அகப்படவில்லை. இன்று திருமணப் பதிவகத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வரும் தமிழ் ஜோடிகளில், வேறெந்தச் சடங்கும் செய்யாதவர்கள்கூட மாலை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ராசி எங்கே போயிற்று? கைத்தொலைபேசிக்குள் போயிற்று. மேஷம் கோபித்துக்கொண்டு போகும், ரிஷபம் சாப்பிட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொள்ளும், மிதுனம் அதை நாலு பேருக்குச் சொல்லும், கடகம் அழும், கன்னி தட்டில் தூசி இருக்கிறது என்று சொல்லும், துலாம் எந்தப் பக்கம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும், விருச்சிகம் ஒன்றும் சொல்லாமல் மனசில் வைத்துக்கொள்ளும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்தால் இந்த வகைதான். அலுவலகத்தில் மேலதிகாரி கடுகடுத்தால் “இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம், விட்டுடு” என்று சொல்லும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, சந்திரன் தன் ராசிக்கு எட்டாம் இடத்தில் நிற்கும் இரண்டே கால் நாள் அது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. சண்டை போடாமல் விலகிக்கொள்ள அவளுக்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது. பாட்டிக்கு அது வெளியே போகக் கூடாத நாள்.

சிங்கப்பூர்க்காரரின் ராசி நகைச்சுவை தமிழ்நாட்டுக்காரரின் நகைச்சுவையைவிடச் செழிப்பானது. ஏனென்றால் இங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று ராசி. 1988 மே 1 அன்று பிறந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில இதழ் அவரை ரிஷபம் என்று சொல்லும், அது சூரியன் நின்ற இடம். தமிழ்ப் பஞ்சாங்கம் துலாம் என்று சொல்லும், அது சந்திரன் நின்ற இடம். சீனப் பக்கத்து வீட்டுக்காரர் அவரை டிராகன் என்பார், அது பிறந்த ஆண்டு. பிடிவாதமா, நடுநிலைமையா, அதிகாரமா? எது வசதியோ அதை அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். சீனர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்று வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவரும் காலத்திலிருந்து பிறந்தது. நம் குருப் பெயர்ச்சியும் அதே வியாழன்தான். ஒரே கோளைப் பார்த்து ஒரு சாரார் எலி, எருது, புலி என்று எண்ணினார்கள், இன்னொரு சாரார் மேஷம், ரிஷபம், மிதுனம் என்று எண்ணினார்கள். தேக்காவிலிருந்து சைனாடவுனுக்கு ரயிலில் சில நிறுத்தங்கள்தான். இரண்டு எண்ணிக்கையும் தெரிந்த பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வயதைக் கேட்பது மரியாதையில்லை என்று நினைப்பவர்கள் “நீங்க என்ன ஆண்டு, முயலா?” என்று கேட்டு வயதைக் கணக்குப் போட்டுக்கொள்வதையும் நம் பிள்ளைகள் சீன நண்பர்களிடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

சீனர்களிடத்திலும் ராசியின் பிடி தளர்ந்துவருகிறது. டிராகன் ஆண்டில் பிள்ளை பெற்றால் அதிர்ஷ்டம் என்று 1988இல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 1.62இலிருந்து 1.96க்குத் தாவியது. 2012 டிராகனில் அது 1.29. 2024 டிராகனில், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சீனப் புத்தாண்டுச் செய்தியில் குட்டி டிராகன்களை வரவேற்றுப் பேசியும், விகிதம் 0.97க்கு மேல் ஏறவில்லை. முந்தைய ஆண்டும் அதே எண்தான். வீட்டு விலையும் வேலை நேரமும் பேசும் இடத்தில் டிராகனின் பேச்சு எடுபடவில்லை.

2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் சொன்னது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அன்று பெயர்ச்சி கிடையாது என்று திருநள்ளாறு கோயில் அறிவித்தது. ஏழரைச் சனி முடிகிறவர்கள் திருக்கணிதத்துக்கும், ஏழரை தொடங்குகிறவர்கள் வாக்கியத்துக்கும் கட்சி மாறிக்கொண்டதாக வந்த துணுக்குகள் சிராங்கூன் சாலை உணவகங்களிலும் சிரிப்பை மூட்டின. நல்ல சிரிப்பு. சனியைக் கண்டு நடுங்கிய சமூகம் சனியை வைத்துச் சிரிப்பது விடுதலைதான்.

சிரிப்பு எட்டாத இடம் ஒன்று இன்னும் இருக்கிறது. பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்தில் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது, செவ்வாய் தோஷம் என்றால் தோஷக்காரனைத்தான் தேட வேண்டும். பட்டம் வாங்கி, வேலை பார்த்து, சொந்தமாக வீடு வாங்கும் நிலையில் இருக்கும் பெண்ணையும் இந்த வாக்கியங்கள் இன்றைக்கும் துரத்துகின்றன. முன்பு ஓலையில் வந்த தீர்ப்பு இப்போது கணினியில் அச்சாகி, அறுபது பக்கமாக, வண்ணக் கட்டங்களோடு வருகிறது. இதை வைத்துத் துணுக்கு எழுதுவதை நான் விரும்பவில்லை. இது போக வேண்டும்.

இனிப் பூ. பஃப்ளோ ரோட்டுக் கடையில் ஒருவர் மாலை கட்டுவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தண்ணீரில் ஊறிய வாழைநார் ஒரு பக்கம், நூல்கண்டு ஒரு பக்கம். இடது கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்துப் பிடிக்கிறார். வலது கை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுக்கிறது. இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் பூ உதிரும். கண் வேலையில் இல்லை, தெருவில் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்தால் “என்னக்கா, எத்தனை முழம்?” என்று கேட்டு, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, கொஞ்சம் கூடவே விட்டு வெட்டுகிறார். வெள்ளியில் விலை, முழத்தில் அளவு. சாமிக்குப் போகும் மாலையை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதை முன்பு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று சுற்றுலா வழிகாட்டிகள் வெள்ளைக்காரர்களுக்கு அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கடைப் பக்கம் அழைத்து வருகிறார்கள்.

அந்த மாலைக்கான மல்லிகை விமானத்தில் வருகிறது. மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் மொட்டாகப் பறித்தால்தான் மாலையில் இங்கே விரியும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த மணத்துக்கும் தடித்த இதழுக்கும் செம்மண்ணே காரணம் என்று. 2020 மார்ச் இறுதியில் இந்தியா பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது, அவற்றின் வயிற்றில் ஏறி வந்த மல்லிகையின் வரத்தும் சுருங்கியது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூர் முடங்கிக் கிடந்தது. கோயில்களிலும் பக்தர்களுக்கு இடமில்லை. வீட்டுப் பூஜைக்கு எது கிடைக்கிறதோ அதுவே பூ என்று அப்போது பலரும் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பழக்கம் புதிதில்லை. சிங்கப்பூர்த் தமிழர் தொடக்கத்திலிருந்தே செய்துவருவது அதுதான். காவிரிக் கரை நவகிரகத் தலங்களில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பூ. சூரியனுக்குச் செந்தாமரை, சந்திரனுக்கு வெள்ளல்லி, செவ்வாய்க்குச் செண்பகம், புதனுக்கு வெண்காந்தள், குருவுக்கு முல்லை, சுக்கிரனுக்கு வெண்தாமரை, சனிக்குக் கருங்குவளை, ராகுவுக்கு மந்தாரை, கேதுவுக்குச் செவ்வல்லி. இந்தப் பட்டியலோடு தேக்கா பூக்கடைக்குப் போனால் பாதிக்கு மேல் கிடைக்காது. கருங்குவளைக்கு எங்கே போவது? நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்குக் கருநீலம் வேண்டும், அவ்வளவுதானே? வேலியோரம் படரும் நீலச் சங்குப்பூ அதற்குப் போதும். அதே சங்குப்பூவைச் சீன-மலாய் மரபுகள் கலந்த பெரானாக்கன் வீடுகளில் பிழிந்து பூலுட் தாய் தாய் பலகாரத்துக்கு நீலம் ஏற்றுகிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு வீட்டில் அது எள் விளக்கோடு நவகிரகத்துக்குப் புறப்படுகிறது, பக்கத்து வீட்டில் ஒட்டரிசியில் இறங்கித் தேங்காய் ஜாமோடு மேசைக்கு வருகிறது. ஒரு கொடி இரண்டு வீட்டுக்கும் பூக்கிறது.

ஆர்க்கிட் இன்னும் துணிச்சலான மாற்றம். ஆகமத்தில் இல்லை, புராணத்தில் இல்லை, எந்தத் தெய்வத்துக்கும் உரியதென்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் பேரில் அறியப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் 1981 ஏப்ரல் 15 அன்று சிங்கப்பூரின் தேசிய மலரானது. அதன் இனத்துக்காரியான ஊதா ஆர்க்கிட் அதற்குள் நம் மாலைகளில் இடம்பிடித்துக்கொண்டது. இதழ் தடிப்பு, வெயிலுக்கு வதங்காது, இரண்டு மூன்று நாள் தாங்கும், கோப்பதற்கும் எளிது. இன்று சிங்கப்பூரில் திருமண மாலையிலும் விருந்தினர் மாலையிலும் ஆர்க்கிட் இருப்பதை யாரும் புதுமையாகப் பார்ப்பதில்லை. இந்த மண்ணில் விளைந்ததை இந்த மண்ணின் சாமிக்குச் சாத்துவதைவிட முறையான வழிபாடு வேறென்ன இருக்கிறது?

காளிக்கு உரிய செம்பருத்தியின் நிலை வேறு. காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாது. கம்பத்து வீட்டு வாசலில் அது மரம்போல நின்ற காலம் போய், வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக்குக் குடிபோன பின் தாழ்வாரத்துத் தொட்டிக்குள் ஒடுங்கியது. பூங்காவிலும் சாலையோரத்திலும் பூத்துக் கிடந்தாலும் பறிக்கக் கூடாது, சட்டம் உண்டு. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே செம்பருத்தியும் அரளியும் துளசியும் மறுபடி மண்ணைத் தொட்டன. வெள்ளிக்கிழமை விடியலில் அங்கே நாலு பூப் பறித்துக்கொண்டு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகும் ஒரு மூதாட்டிக்கு அந்தத் தோட்டம் என்ன தருகிறது என்பதைத் திட்ட அறிக்கையில் எழுத முடியாது.

பல இனம் சேர்ந்து வாழும் ஊரில் பூவுக்குப் பொருள் ஒன்றாக நிற்பதில்லை. மஞ்சள், வெள்ளைச் சாமந்தி நமக்குச் சரஸ்வதி பூஜை, கல்யாண மண்டபம். சீனர்களுக்கு அது இறுதிச் சடங்கின் மலர். ஈழத்தலரியை நாம் சாமிக்கு வைப்போம். மலாய்க்காரர்கள் அதைக் கெம்போஜா என்று சொல்லி இடுகாட்டில் நடுவார்கள், அதன் மணம் இரவில் வந்தால் பொந்தியானாக் பேயை நினைத்துக் குழந்தைகள் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். கூடி வேலை செய்யும் இடத்தில் யாருக்கு என்ன பூவை நீட்டுவது என்பது இங்கே ஒரு நாகரிகம். சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. 1870இல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் 1884இல் தொடங்கிய குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். குவான் இம் கோயிலில் மூங்கில் குவளையைக் குலுக்கி ஒரு குச்சி விழும்வரை மண்டியிட்டிருப்பார்கள், அந்தக் குச்சியின் எண்ணுக்கு ஒரு பலன் எழுதிய தாள் உண்டு. நம் பூ கட்டிப் பார்ப்பதற்கு நெருங்கிய உறவு. வாசலில் தாமரை மொட்டும் சாமந்தியும் விற்பார்கள். அங்கே வணங்கிவிட்டு வரும் சீனர்கள் அப்படியே கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கிருஷ்ணனுக்குத் துளசி உகந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் இருப்பது தாமரையாக இருந்தால் என்ன குறை?

பூவின் பொருளில் மாறியே தீரவேண்டியிருந்த ஒன்று உண்டு. சிங்கப்பூரில் அது மெல்ல மாறிவருவதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியதில் அர்த்தமில்லை. தலையில் பூ இருந்தால் சுமங்கலி, இல்லாவிட்டால் விதவை. புருஷன் இறந்த அன்று பூவைப் பிடுங்குவது நம் சடங்குகளிலேயே கொடியது. வாசனையையும் நிறத்தையும் ஒரு மனுஷியிடமிருந்து ஆயுள் முழுக்கப் பறித்துவிட்டு அதைச் சாத்திரம் என்று சொன்னோம். அந்தக் காலத்தில் பூக்காரரிடமிருந்து ஒரு முழம் வாங்க ஒரு பெண் வந்து நின்றால், அவள் யார், புருஷன் இருக்கிறானா என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். பிள்ளையைத் தனியாக வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்த தாய், அந்தக் கல்யாண மண்டபத்தில் பின்வரிசையில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பாள். மாலை எடுத்துக் கொடுக்க அத்தையையும் சித்தியையும் கூப்பிடுவார்கள், பெற்றவளைக் கூப்பிடமாட்டார்கள்.

இன்று பூ எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் தினமும் வைத்துக்கொள்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அலுவலகத்துக்குச் சரம் வைத்துக்கொண்டு போகும் இளம்பெண்ணை எம்ஆர்டி ரயிலில் எப்போதாவது பார்க்கலாம். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வாடாத துணி மல்லிகைச் சரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டையில் சுற்றிக்கொண்டு, முடிந்ததும் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். மணமில்லாத மல்லிகையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குச் சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு வரும்போது, முடிந்தால் அன்றைக்காவது உண்மையான பூவை வாங்கிக் கொடுங்கள் என்று பெற்றோர்களிடம் சொல்லிவருகிறேன். ஒரு முழம்தானே.

கல்யாணங்களில் நான் இப்போது கவனித்துப் பார்ப்பது மேடையை. கணவனை இழந்த தாய் மேடையேறி, பட்டுச் சேலையோடு, தலையில் நிஜ மல்லிகையோடு, தன் கையாலேயே மாலையை எடுத்து மகளிடம் கொடுப்பதைச் சில ஆண்டுகளாகப் பார்க்கிறேன். எல்லாக் குடும்பங்களிலும் இல்லை. சில இடங்களில் பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மண்டபத்துக்கு வெளியே வந்து ராகு காலம், மாங்கல்ய தோஷம் என்று யாராவது முணுமுணுக்கவும் செய்கிறார்கள். மாலை அதற்குள் கழுத்தில் ஏறியிருக்கும்.